பாத்துக் குடுங்க

1

இந்த நாட்டில் வேலைக்கு நடுவே காப்பி குடிப்பது சட்டம் மாதிரி. காலையில் ஒரு தடவை, மதியத்துக்கு மேல் ஒரு தடவை, கையில் இருக்கிறதை அப்படியே வைத்துவிட்டு எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். போகாமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் சுறுசுறுப்பான பெண் என்று யாரும் மெச்சமாட்டார்கள். இவளுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வார்கள். வந்த புதிதில் நான் அப்படித்தான் கெட்ட பெயர் வாங்கினேன்.

அந்த மேசையில்தான் எரிக் அதைச் சொன்னான்.

நான் இருப்பது ஸ்வீடனில், பெரிதும் இல்லாத சிறிதும் இல்லாத ஓர் ஊரில். குடிதண்ணீரைச் சோதிக்கிற ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை. கிணற்றுத் தண்ணீர், ஏரித் தண்ணீர், பள்ளிக்கூடத்துக் குழாய்த் தண்ணீர் எல்லாம் புட்டிகளில் வரும். குடிக்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எரிக் எனக்கு வெகு காலத்துக்குப் பிறகு சேர்ந்தவன். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவனாக இருந்தால் அதிகம். புட்டியை எப்படிக் கழுவுவது என்பதிலிருந்து எல்லாவற்றையும் நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நல்ல பிள்ளை. அன்றைக்கு வீடு வாங்குகிற கதையைப் பேசிக்கொண்டிருந்தான். தன் சம்பளத்துக்கு வங்கியில் இவ்வளவுதான் கடன் கொடுப்பார்களாம் என்று புலம்பினான். புலம்பல் வேகத்தில் அந்தச் சம்பளத்தையும் சொல்லிவிட்டான்.

எனக்குக் காப்பி வாயிலேயே நின்றுவிட்டது. அவன் சொன்னதற்கும் நான் வாங்குவதற்கும் நடுவே என் வீட்டு வாடகையில் பாதி இருந்தது.

"நீ என்னைவிட மூத்தவள். உனக்கு இன்னும் கூட இருக்குமே," என்றான் சாதாரணமாக.

நான் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது? எழுந்துபோய்க் கோப்பையைக் கழுவினேன். சுத்தமான கோப்பையை ரொம்ப நேரம் கழுவினேன்.

2

வயிறு எரிகிறது என்று ஒரு பேச்சுக்குச் சொல்வோம். அன்றைக்கு நிஜமாகவே எரிந்தது. வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையற்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மாசி மாதம். ஊரில் வெயில் ஏற ஆரம்பித்திருக்கும். இங்கே சாயங்காலமே இருட்டிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பனியை ஒதுக்குகிற வண்டி போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

வீட்டில் யாரும் இல்லை. வாரநாளில் எப்போதுமே இருப்பதில்லை. என் வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் தொழிற்சாலை வேலை, வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். மகள் யாழினி தெற்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மேல்வீட்டுக்காரரோடு இத்தனை வருஷத்தில் பேசியதெல்லாம் "ஹேய்" என்ற ஒரு சொல்தான். அவரும் திருப்பி அதையே சொல்வார். அதோடு உறவு முடிந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"இப்ப எதுக்கு இதைக் கிளறுறே? நல்லாத்தானே போய்க்கிட்டு இருக்கு," என்றார். "வந்த எடத்துல நாமதான் அனுசரிச்சுப் போகணும்."

"எதை அனுசரிக்கச் சொல்றீக? நேத்து வந்த பயலுக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"வேல போயிட்டா என்ன செய்வே?"

"போகட்டும். ஊருக்குப் போயிருவோம். காரைக்குடியில ஏதாவது பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி எடுத்துப் பொழைச்சுக்கிறேன். போதும்ங்க எனக்கு."

"சரி, வெள்ளிக்கிழம பேசுவோம்," என்றார். அவர் அகராதியில் அதற்குப் பேசமாட்டோம் என்று பொருள்.

யாழினிக்குக் குரல் செய்தி அனுப்பினேன். அவள் தமிழைச் சனிக்கிழமை வகுப்பில் படித்தவள், செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரிதான் பேசுவாள். "அம்மா, நீங்கள் ஏன் முதலிலேயே கேட்கவில்லை? எல்லோரும் கேட்பார்கள் அல்லவா?" என்று பதில் வந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பி நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. அப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா என்ற ஆச்சரியம்தான் அந்தக் குரலில் இருந்தது.

அன்றைக்கு நான் சமைக்கவில்லை. ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

3

ஏன் கேட்கவில்லை என்பதை ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்குத்தான் என்னால் சொல்ல முடியும்.

இங்கே வருஷத்துக்கு ஒரு முறை சம்பளப் பேச்சு என்று ஒன்று உண்டு. மேலதிகாரியும் நாமும் மட்டும் ஓர் அறையில் உட்கார வேண்டும். நான் இன்ன இன்ன செய்தேன், அதனால் எனக்கு இவ்வளவு வேண்டும் என்று நாமே நம் வாயால் சொல்ல வேண்டும். என் மேலதிகாரி கரின், அறுபதைத் தொடப்போகிற பெண்மணி. இந்த மொழியில் 'நீங்கள்' என்று யாரும் யாரையும் சொல்வதில்லை, பிரதமரையும் 'நீ'தான். நம்மைவிட மூத்த பெண்மணியைப் பெயர் சொல்லி, நீ என்று கூப்பிட எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அப்படி ஒரு நாக்கை வைத்துக்கொண்டு எனக்கு இவ்வளவு வேண்டும் என்று எங்கே கேட்பது?

அதனால் ஒவ்வொரு வருஷமும் ஒரே பதிலைச் சொன்னேன். "நீயே பார்த்து முடிவு செய், கரின்." நம் ஊர் 'பாத்துக் குடுங்க'வைத்தான் அவர்கள் மொழியில் சொன்னேன். நம்மிடம் அப்படிச் சொன்னால் கொடுக்கிறவர் மேல் ஒரு பாரம் ஏறும். நம்மை நம்பிச் சொல்லிவிட்டாளே என்று கொஞ்சம் கூடப் போடுவார். போடுவார் என்று நாம் நினைத்துக்கொள்வோம். கரின் நன்றி சொல்லி, எழுந்து, என் கையைக் குலுக்குவாள். சுமுகமாக முடிந்தது என்று நானும் நிம்மதியாக வருவேன்.

இந்தப் பேச்சு எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா காரைக்குடியில் ஒரு கல்யாணச் சமையல் குழுவில் இருந்தாள். காய் நறுக்க, அரைக்க, பணியாரம் சுட என்று பெண்கள் ஏழெட்டுப் பேர் போவார்கள். பந்தியெல்லாம் முடிந்து அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகு சமையல் மாஸ்டர் கூலி கொடுப்பார். முதலில் ஆண்களுக்கு. "அண்ணே, ரெண்டு வேளையும் நாந்தான் சோறு வடிச்சேன், கூடப் போட்டுக் குடுங்க" என்று சத்தமாகக் கேட்பார்கள். வாங்கி அங்கேயே எச்சில் தொட்டு எண்ணுவார்கள். குறைந்தால் சண்டைதான்.

பெண்களுக்கு வேறு முறை. எல்லாக் குழுவிலும் இப்படியா என்று தெரியாது, அந்தக் குழுவில் அப்படி. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, வெற்றிலைக்குள் நோட்டை மடித்துக் கொடுப்பார்கள். வீட்டுப் பெண்களுக்கு வெறும் நோட்டை நீட்டுவது மரியாதை இல்லையாம். வெற்றிலையோடு வாங்கிவிட்டால் அது தாம்பூலம் ஆகிவிடுகிறது. தாம்பூலத்தை நின்ற இடத்தில் பிரித்துப் பார்க்கிற பொம்பளை உண்டா? எவ்வளவு வேணும்த்தா என்று மாஸ்டர் ஒரு பேச்சுக்குக் கேட்பார். பாத்துக் குடுங்கண்ணே என்று எல்லாரும் சொல்வார்கள். இரண்டு கையாலும் வாங்கி மடியில் செருகிக்கொண்டு, டவுன் பஸ் ஏறி, வீட்டுக்கு வந்துதான் அம்மா பிரிப்பாள். நானும் தங்கச்சி வள்ளியும் பக்கத்தில் நிற்போம். ஆண்கள் வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். "அடுத்த மொகூர்த்தத்துக்குக் கூடப் போடுவாக" என்பாள் அம்மா. வருத்தமாகக்கூடச் சொல்லமாட்டாள்.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. நான் எம்.எஸ்ஸி. சேர்ந்தபோது எங்க குழுவுப் பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். ஆளைத் திட்டித் தீர்க்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லை.

4

அம்மா போன பிறகு அந்த இடத்துக்கு வள்ளி போனாள். இப்போது பழைய மாஸ்டரின் மகன்தான் மாஸ்டர். வெள்ளைப் பணியாரம் சுடுவது முழுக்க வள்ளி பொறுப்பு. பந்தியில் உட்கார்ந்தவர்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவது அதைத்தான். கூலி மட்டும் காய் நறுக்குகிறவள் கூலி.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டேன். எரிக் விஷயத்தைச் சொன்னேன்.

"ஒனக்குமா?" என்றாள். "வெள்ளக்காரன் ஊருலயுமாக்கா?"

"அதாண்டி."

"நான் நெனச்சேன், நீயாவது தப்பிச்சுட்டேன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இங்கே யார் முன்னாலும் நான் அழுததில்லை. அழுகிறது என்றால் அதற்கும் வள்ளிக்குத்தான் போன் போட வேண்டியிருக்கிறது.

சம்பள விஷயம் எதுவானாலும் தொழிற்சங்கத்தில் கேட்டுப் பார் என்று எரிக் ஒருநாள் சொல்லியிருந்தான், போன் போட்டுக் கேட்டேன். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று இயந்திரம் சொன்னதையெல்லாம் அழுத்தி, இசையெல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு பெண் வந்தாள். "நீ எவ்வளவு கேட்கப்போகிறாய்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள். நான் என் கதையை ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திரும்பவும் அதையே கேட்டாள். தொகையை முடிவு செய்து, வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்துச் சொல்லிப் பழகு என்றாள். வீட்டில் யார் இருக்கிறார்கள், எதிரே உட்கார?

வள்ளியிடம் சொன்னேன். "நான் உக்கார்றேன்க்கா. நான்தான் ஒன் பெரிய அதிகாரி," என்றாள். குரலைத் தடிப்பாக வைத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா, எதுக்கு வந்தீக? என்ன வேணும் ஒங்களுக்கு?" என்றாள்.

"வந்து... நான் இம்புட்டு வருசமா..."

"இம்புட்டு வருசமா என்னம்மா? வெரசாச் சொல்லுங்க, சட்டியில எண்ணெ காயிது."

"எந்த அதிகாரிடி எண்ணெய்ச் சட்டி வச்சிருக்கா?"

இரண்டு பேரும் சிரித்தோம். திரும்ப ஆரம்பித்தோம். ஒவ்வொரு தடவையும் தொகை வருகிற இடத்தில் நான் நின்றுவிடுவேன், அல்லது "உங்களுக்குத் தோணுனதை" என்று இழுப்பேன். அப்புறம் மாற்றிக்கொண்டோம். நான் மாஸ்டர், அவள் வள்ளியாகவே இருக்கட்டும் என்று. அவளும் அதே இடத்தில் நின்றாள். "பாத்து..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரே வகுத்துல பொறந்த புள்ளைகள்ல," என்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அக்கா, நீ மொதல்ல கேளு. ஒனக்குக் குடுத்தாகன்னா நானும் கேட்டுப்புடுறேன். அந்த ஆம்பளைக என்ன குடுக்குறாகளோ அதை எனக்கும் குடுங்கன்னு," என்றாள்.

அதுவரைக்கும் எனக்குள் ஒரு சாக்கு இருந்தது. கேட்காமலே எல்லாவற்றையும் உதறிவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று. இனி அது முடியாது என்று ஆகிவிட்டது.

5

சம்பளப் பேச்சு நடக்கிற அறையில் ஒரு செடி இருக்கும், நிஜச் செடியா ரப்பரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.

"இந்த வருஷம் எப்படி உணர்கிறாய்?" என்றாள் கரின். எல்லா வருஷமும் அப்படித்தான் தொடங்குவாள்.

எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில் முன்னுரை எதுவும் இல்லாமல் தொகையை மட்டும் சொன்னேன். சொன்னதும் உடம்பெல்லாம் வியர்த்தது. வெளியே பனி கொட்டுகிறது, எனக்கு முதுகில் வழிகிறது. அவள் பேனாவை எடுத்துத் தொகையைக் குறித்துக்கொண்டாள். சும்மா இருக்க முடியாமல், "எரிக் அவ்வளவு வாங்குகிறான்," என்று சேர்த்தேன். சிறுபிள்ளைத்தனமாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

"நீ ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை?" என்றாள் கரின்.

"நீ பார்த்துக் கொடுப்பாய் என்று இருந்தேன்."

"இருப்பதே போதும் என்று நீ நினைக்கிறாய் என நான் இருந்தேன்." அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். நான் சேர்ந்த கதை அவளுக்கும் தெரியும். காரைக்குடியில் வாங்கின பட்டத்தை இந்த அரசாங்கம் எடை போட்டுச் சரி என்று சொல்ல மாதக்கணக்கில் ஆயிற்று. அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று புட்டி கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு வேலை மாறியது. சம்பளம் மட்டும் அந்தப் புட்டி கழுவுகிற சம்பளத்தின் மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. எரிக் முதல் நாளே இவ்வளவு வேண்டும் என்று கேட்டுத்தான் உள்ளே வந்தானாம். "எனக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு தொகையைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்வார்கள். கேட்கிறவர்களுக்குப் பிரித்தாலே தீர்ந்துவிடும்," என்றாள்.

"நீயும் ஒரு பெண்தானே, கரின்," என்றேன். அதை நான் பழகி வைத்திருக்கவில்லை. தானாக வந்தது.

அவள் முகம் சிவந்தது. மேலிடத்தில் பேசுகிறேன் என்றாள். பேசினாள் என்றுதான் சொல்ல வேண்டும், இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து எரிக்குக்குச் சமமாக. போன வருஷங்களுக்கு ஒன்றும் கிடையாது.

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு யாரிடம் சொல்வது என்று பார்த்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாய் என்னைப் பார்த்தது, அவள் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் வேலையில் இருந்தார், போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தபோது, "பரவாயில்லையே, கெட்டிக்காரிதான்" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டார். யாழினி ஓர் இதயப் படம் அனுப்பினாள். எனக்கு நானே ஒரு கேக் வாங்கி, ஒரு துண்டு சாப்பிட்டேன். மிச்சத்தை யார் சாப்பிடுவது?

வள்ளிக்கு அன்றைக்கே எழுதிவிட்டிருந்தேன். "குடுத்துட்டாகடி. அம்புட்டும்." அவள் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. முகூர்த்த நாட்கள், வேலை இருக்கும் என்று விட்டேன்.

6

பங்குனி பிறந்த பிறகு ஒரு காலையில் நான் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவளே கூப்பிட்டாள். ஊரில் அது சமையல் மும்முரமாக இருக்கிற நேரம். பின்னால் பாத்திரச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

"கேட்டேன்க்கா," என்றாள்.

நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணமாம். இரண்டு நாள் வேலை. எல்லாம் முடிந்து மாஸ்டர் தாம்பாளத்தோடு வந்திருக்கிறார். எவ்வளவு வேணும்க்கா என்று வழக்கம்போலக் கேட்டிருக்கிறார். அவர் இவளைவிடச் சின்னவர். வள்ளி தொகையைச் சொல்லியிருக்கிறாள்.

"அவுக காதுல வாங்காத மாதிரி வெத்தலைய நீட்டுனாக. நான் வாங்கி அங்கனயே விரிச்சு எண்ணிப்புட்டேன். கொறையுதுன்னேன். அடுத்த அடுப்புல நிக்கிறவுகளுக்கு என்ன குடுத்தீகளோ அதைக் குடுங்கன்னேன்."

"அப்புறம்?"

"திட்டலக்கா. திட்டியிருந்தாக்கூடத் தேவல. சிரிச்சுக்கிட்டே, 'எண்ணத் தெரிஞ்சவுகளுக்கு நம்ம எடம் சரிப்படாதுக்கா'ன்னாக. எல்லாரும் சிரிச்சாக."

"கூட இருந்த பொம்பளைக?"

"மடியில செருகிக்கிட்டு அங்குட்டுத் திரும்பிக்கிட்டாக. அவுகளைச் சொல்லி என்ன செய்ய? அவுகளுக்கும் புள்ளைக இருக்கு. அதுக்கப்பறம் ரெண்டு மொகூர்த்தம் போயிருச்சு. கூப்புடல. மத்தக் குழுவுக்கும் சொல்லிப்புட்டாக போல. எங்கேயும் ஆள் இருக்குன்றாக."

நான் இங்கே கேக் சாப்பிட்ட நாட்களில் அவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ஓட்டுகிற ஆட்டோ ஒன்றை வைத்து எத்தனை நாள் ஓடும்?

"நான் அனுப்புறேண்டி. எனக்குத்தான் கூட வருதுல்ல. மாசாமாசம் போட்டுவிடுறேன்."

"வேணாம்க்கா. நீ குடுத்தா அது அக்கா குடுத்தது. நான் கேட்டது பணியாரம் சுட்ட கூலி."

பஸ் வந்தது, ஏறவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "கேட்டதுக்கப்பறம் மறுநா ஒன்னைய வேலைக்கு வரச் சொன்னாகளா?"

"வரச் சொன்னாகன்னு இல்லடி. நான்பாட்டுக்குப் போனேன்."

"மொகத்தத் திருப்பிக்கிறலையா யாரும்?"

"இல்ல. எப்பவும் போலத்தான் இருந்தாக."

"அந்தப் பய? ஒனக்குச் சரிசமமாக் குடுத்துட்டாகன்னு அவன் ஒண்ணும் சொல்லல?"

"நியாயந்தானேன்னான்."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள் போலிருக்கிறது. நான் இங்கே வந்த நாளிலிருந்து, போனை வைக்கும்போது வள்ளி ஒன்று கேட்காமல் வைத்ததில்லை. எப்பக்கா ஒரேடியா வருவே, நாம ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல வீடெடுத்து இருந்துக்கிறலாம் என்பாள். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் நான் இங்கே ஒவ்வொரு பனிக்காலத்தையும் ஓட்டியிருக்கிறேன். அன்றைக்கும் அவள் கேட்பாள், வருகிறேண்டி, சீக்கிரமே வந்துவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

"நீ அங்குட்டே இருந்துக்கக்கா," என்றாள் வள்ளி. "இங்குட்டு வராத."